மூன்று வோல்ட்டில் நீ படித்த எண்

என் தர்ஷிக்கு, பெரியம்மா வயிற்றில் பிறந்து என்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த என் அக்காவுக்கு,

நாளைக்கு உனக்குப் பதினாறாம் நாள் படையல். டிங்கிக் காய்ச்சல் என்று ஈப்போ மருத்துவமனைக்குப் போன நீ, புதன்கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் படிவ வகுப்பில் உன் நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. கூட்டுகிறவர்கூட அதைச் சுற்றித்தான் கூட்டுகிறார்.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. நாம் இருவரும் செய்த பல்பு ஆய்வுக்கு முழு மதிப்பெண். நீ மருத்துவமனையில் இருந்தபோதுதான் நம் இயற்பியல் ஆசிரியர், அதான் நம் சிக்கு, அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா அதை உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நாளை உனக்குப் பிடித்த நாசி லெமாக், ரம்புத்தான், அதோடு அந்த அறிக்கையும் படையலில் இருக்குமாம். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். ஆனால் அதில் இருப்பவை நீ படித்த எண்கள் அல்லவே.

அன்று நடந்தது நினைவிருக்கிறதா? உன் அண்ணன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த வண்டி விளக்கு பல்பு. அடியில் பன்னிரண்டு வோல்ட், இருபத்துநான்கு வாட் என்று போட்டிருந்தது. மாட்டும் முன்பே நான் கணக்குப் போட்டுவிட்டேன். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் இரண்டு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஆறு ஓம். மின்தடை ஆறு என்றால் ஆறு வோல்ட்டில் ஒரு ஆம்பியர், மூன்று வோல்ட்டில் அரை ஆம்பியர் வரவேண்டும். நீ மீட்டரைப் பார்த்து 1.4 என்றும் 0.9 என்றும் எழுதினாய்.

"அலாமாக், தப்பா படிக்கிறடி. நல்லா பாரு."

"முள்ளு அங்கதான் நிக்குது லா. நான் என்ன, கையால புடிச்சுத் தள்ளவா?"

"ஒரே பல்புக்கு மின்தடை எப்படி மாறும்? மாறாதுன்னு புக்குல போட்டிருக்கு."

"அப்ப புக்கையே மாட்டி எரிய வையேன்!"

சிரித்துக்கொண்டே நீ பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். நான் ரப்பரை எடுத்து உன் பென்சில் எண்களை அழித்தேன். 1.0, 0.5 என்று எழுதினேன். வரைபடத்தில் அடிக்கோல் வைத்து நேர்கோடு இழுத்தேன். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா?

போன வாரம் அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சூடு ஏறினால் பல்பு இழையின் மின்தடை கூடும் என்று அங்கே இருந்தது. ஒரே ஒரு தாள் தள்ளி! நேற்று வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்ததும் அதே பல்பை மறுபடி மாட்டினேன். மூன்று வோல்ட்டில் 0.9. ஆறில் 1.4. பன்னிரண்டில் 2. முள் நீ சொன்ன இடத்திலேயே நின்றது.

வகுத்துப் பார்த்தால் மின்தடை 3.3, பிறகு 4.3, பிறகு 6 ஓம். பெருக்கிப் பார்த்தால் திறன் 2.7, 8.4, 24 வாட். இதில் எது இந்தப் பல்பின் மின்தடை? வோல்ட் இரட்டித்தால் திறன் நான்கு மடங்காகும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் மூன்று மடங்குகூட வரவில்லை. விதி தப்பா, நான் நம்பியது தப்பா? மின்தடை மாறாமல் இருந்தால்தான் அந்த நான்கு மடங்கு என்று இப்போது லேசாகப் புரிகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி குழம்பிவிடுகிறது. உனக்கு அன்றே தெரியுமா? இல்லை, முள்ளை மட்டும் நம்பினாயா? ஏன் என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை போடவில்லை?

இன்று காலை, பழைய ரப்பர் தோட்டத்து இடத்தில் எழும்பிய உங்கள் தாமான் குடியிருப்புக்குப் போனேன். பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எம்பொண்ணு தப்பா எழுதலயா?"

"இல்ல பெரியம்மா. அவ சரியாதான் எழுதுனா. நான்தான் அழிச்சிட்டேன்."

"அவ ஒன்னும் சொல்லலயா?"

"சொன்னா. நான் கேக்கல."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் அறிக்கையை எடுத்து வந்தார். அந்தத் தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். நீ எப்போதும் பென்சிலை அழுத்தித்தானே எழுதுவாய்? என் எண்களுக்கு அடியில் உன் 1.4 பள்ளமாகத் தெரிந்தது. பெரியம்மா விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒன்னோடத அழிச்சிட்டு அவளோடது மேலயே எழுது. கோணாம எழுது," என்றார். "அந்த மார்க்கு போனா போவுது. நாளைக்கு அவ முன்னால பொய்ய வைக்க முடியாது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். உன் 9-இன் வால் எவ்வளவு நீளம்! நேர்கோட்டை அழித்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது கோடு வளைந்துகொண்டு போனது. மேலே சிக்கு சிவப்பு மையில் போட்ட முழு மதிப்பெண் மட்டும் அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை அதை அவரிடம் கொண்டுபோய், அழித்தது நான், சரியாகப் படித்தது தர்ஷி என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னைவிட இரண்டு மாதம் சின்னவளான உன் தங்கச்சி,
யாழினி