மூன்று மணி காபி

பெரிய காஞ்சிபுரம்,
டிசம்பர் 9.

அன்புள்ள மனோஜுக்கு,

உங்கள் சம்யுக்தா அன்பும் கோபமுமாக எழுதுவது. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடைசி வரை படிக்காமல் பதில் போடாதீர்கள்.

இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மார்கழி பிறப்பதற்குள் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் வண்டிகள் நம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. என் ஸ்கூட்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

நீங்கள் வேலையை ராஜினாமா செய்யப் போவதாகச் சொன்னதை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோமில் இப்போது மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதற்கே, "அந்தக் குளிர்ல புள்ள பட்டினி கெடக்குதே, இருட்டுல ரெண்டு வாய் சாப்ட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லும்மா" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்று, விளக்கு வைத்தபிறகு உங்களைத் தட்டைத் தொட விடாமல் வளர்த்தவரே இப்படிச் சொல்கிறார். நீங்கள் அந்த வழக்கத்தை விடமாட்டீர்கள். விடவும் வேண்டாம். என் கோபம் அதில் இல்லை.

உங்கள் கீழ் வேலை செய்யும் எம்ரேயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அக்டோபரில் அவர் செய்த தவறால் உங்கள் டீமின் வேலையே தாமதமானது. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, மேலே இருப்பவர்களிடமும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தத் துருக்கிக்காரர் ஏன் வேறு டீமுக்கு மாற்றல் கேட்கிறார், மேனேஜர் ஏன் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார் என்று புரியவில்லை, இனி இந்த வேலையே வேண்டாம் என்கிறீர்கள். எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. ஒன்பது மணி விருந்துக்கும் போய், எல்லாரோடும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டீர்கள். எனக்குப் போட்டோவெல்லாம் அனுப்பினீர்கள். இப்போது மூன்று மணிக்கு எல்லாரும் காபிக்கு உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறீர்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். எம்ரேவுக்கு என்ன தெரியும்? தான் தப்புச் செய்தபிறகு லீடர் தன்னோடு உட்காருவதில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும்.

அதற்கு நீங்கள் அவர்களிடம் சொன்ன காரணத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி போன் செய்யும் நேரமாம்! அப்போது இங்கே இரவு ஏழரை மணி. அந்த நேரத்தில் நான் ஒரகடத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பேன்.

கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் ஒடிசாப் பெண் மினதி, இருட்டியபின் வரும் டீக்கு நான் உட்காராததைப் பார்த்து இப்படித்தான் ஒருநாள், "அக்கா, நாங்க கொண்டாற தீனி புடிக்கலியா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து எங்களுக்கு ஐந்தரைக்கே டீ. எம்ரே அப்படிக் கேட்கிற ஆள் இல்லை போலிருக்கிறது. உங்களைப் போல மனதுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போகிற ஆள்.

உங்களுக்காக அவர்கள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். லீடரை விசித்திரமாகப் பார்ப்பார்களோ என்ற பயமும் இருந்திருக்கும். ஆனால் ரம்ஜான் நோன்பு மாதத்தில் சூரியன் மறையட்டும் என்று எம்ரே தட்டின் முன்னால் காத்திருந்ததை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். மறைந்தபிறகு சாப்பிடுகிறவர் அவர், மறைவதற்குள் சாப்பிடுகிறவர் நீங்கள். அந்த ஆபீஸிலேயே வானத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். அவரிடம் சொல்லவா வெட்கம்?

வேலையை விட்டுவிட்டு வந்தால் நான் வருத்தப்படுவேன் என்று நினைக்காதீர்கள். ஏர்போர்ட்டில் அத்தைக்கும் முன்னால் நான்தான் நிற்பேன். ஆனால் ஒரு மனிதரை இப்படித் தவிக்க விட்டுவிட்டு வந்தால், இங்கே பகல் வெளிச்சத்தில்கூட உங்களுக்குச் சோறு இறங்காது. உங்களை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எம்ரேவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் சாப்பிட வேண்டாம். ஏன் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் பஸ்ஸில் தூங்க மாட்டேன். சரியாக அந்த நேரத்துக்கு உங்களுக்குப் போன் செய்வேன். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

உங்கள் குரலைக் கேட்க ஆசையோடு,
சம்யுக்தா