அறுபது பிரதியிலும் விழாத வரி

டைப்பிஸ்டம்மா,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் மைத்துனர் மகள் கல்யாணத்தில், மணமகள் அறையில், ஒரு நெயில் பாலிஷ் புட்டியை மூக்கில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது சம்பந்தி வீட்டு அம்மாளிடம் பிடிபட்டேன். ஐம்பது வயது ஆசாமி, நெற்றியில் சந்தனம், கண்ணில் தண்ணீர் வேறு. "பொண்ணோட மாமா கொஞ்சம் ஒரு மாதிரி போலிருக்குதே" என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. இந்நேரம் பாலாற்றுக்கு அந்தப்பக்கம் வரை சேதி போயிருக்கும்.

நான் போனது விசிறி எடுக்க. யாரோ மூடாமல் வைத்த புட்டியிலிருந்து அந்த வாசனை வந்தது. அதற்கப்புறம் எனக்குக் கல்யாணமும் இல்லை, விசிறியும் இல்லை. நம் ஆபீஸ்தான் இருந்தது. உங்கள் மேஜை ஓரத்தில் இருந்த அந்தக் குட்டிப் புட்டி இருந்தது.

பட்டு முதலாளி ஒருவர் வீட்டு மாடியில் நம் ஆபீஸ். கீழே நாலு தறி. தறிச் சத்தமும் உங்கள் டைப்ரைட்டர் சத்தமும் பின்னிக்கொண்டு ஓடும். மெழுகுத்தாளான ஸ்டென்சிலில் நீங்கள் அடித்தால் எழுத்து எழுத்தாக வெட்டு விழும். அந்த வெட்டு வழியாக மை இறங்கித்தான் சைக்ளோஸ்டைல் மிஷினில் பிரதி வரும். தப்பாக அடித்துவிட்டால் அந்தக் குட்டிப் புட்டியிலிருக்கும், நெயில் பாலிஷ் வாசனையடிக்கிற சிவப்புத் திரவத்தைத் தடவி வெட்டை அடைத்து, காய ஊதி, மேலே மறுபடி அடிக்க வேண்டும். நீங்கள் அதை நகத்துக்குப் பூசுவது போல அவ்வளவு பதவிசாகப் பூசுவீர்கள். "எங்க ஆபீசுல டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மேக்கப் செலவு சர்க்கார் கணக்கு" என்று நான் சொன்ன ஜோக்குக்கு மூன்று வருஷம் சிரித்தார்கள். நீங்களும் முதல் இரண்டு வருஷம் சிரித்தீர்கள்.

மூன்றாவது வருஷம்தான் அந்தக் கிணறு நம் நடுவே வந்தது.

ஓரிக்கை தாண்டி ஆற்றோரமாக இருந்த உங்கள் காலனிக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாகத் திறந்துகிடக்கும். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் மொள்ளப்போன பெண் சேற்றில் வழுக்கி உள்ளே விழுந்து செத்துப்போனாள். சட்டசபையில் ஓர் உறுப்பினர் அதைக் கேட்க, மந்திரி எழுந்து "சுவர் கட்டித் தரப்படும்" என்றார். சபையில் மந்திரி அப்படிச் சொன்னால் அது உறுதிமொழி. நிறைவேறியதா, நிறைவேறியதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கென்று சபைக்கு ஒரு குழு உண்டு. குழு இலாகாவைக் கேட்கும். இலாகா மேலாபீசைக் கேட்கும். மேலாபீஸ் நம்மைக் கேட்கும். நமக்குக் கீழே கேட்க ஆள் இல்லாததால், பதில் எழுதுவது என் வேலை.

ஆறு மாதத்துக்கு ஒரு பதில். முதல் தடவை "இடம் அளக்கப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த தடவையும் அதையே எழுதப்போனபோது ஹெட்கிளார்க் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"ஏன்யா, சொன்னதையே சொன்னா சபைக்கு என்ன மரியாதை? ஒரு படி மேல போ."

போனேன். மதிப்பீடு தயாரானது. கல்லும் மணலும் சேகரிக்கப்பட்டன. பணி நடைபெற்று வந்தது. அங்கே ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. எல்லாப் பதிலையும் டைப் அடித்தது நீங்கள். ஒன்றும் கேட்டதில்லை. நானும், கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிற இலாகாவில் இல்லை.

நாலு படி ஏறியானபின் மிச்சமிருந்தது ஒரே படி. "சுவர் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதி உங்களிடம் அனுப்பினேன். அன்று அமாவாசை. கீழே தறிக்கு லீவு. அதனால் உங்கள் டைப்ரைட்டர் நான்காவது பத்தியில் நின்றது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. என் மேஜைக்கு வந்தீர்கள்.

"ஏன் சார், இது எங்க கிணறுதானே?"

"ஆமாம்மா."

"நடக்குதுன்னு எழுதிக்கினு இருந்தீங்க, அது வரைக்கும் பரவாயில்ல சார். அவங்களும் கேட்டுக்கினே இருப்பாங்க. என்னிக்காவது கட்டுவாங்க. முடிஞ்சிடுச்சின்னு எழுதிட்டா அப்புறம் யாரு கேப்பாங்க?" வரைவை என் மேஜையில் வைத்தீர்கள். "எங்க அம்மாவுக்குக் கண்ணு தெரியல சார். காலால தடவிக்கினே கிணத்தாண்ட போவுது."

அப்போது நான் சொன்ன பதில் இருக்கிறதே, அதை யாரிடமும் சொன்னதில்லை. "கவலப்படாதீங்கம்மா, மொதல்ல சட்டசபையில கட்டுவோம், அப்புறம் தன்னால ஊருக்கு வரும்." பத்திரிகைக்கு நகைச்சுவைக் கதை எழுதுகிறவன் வாய் அப்படி. வீட்டில் தீப்பிடித்தால்கூட ஜோக் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் தேடும்.

நீங்கள் சிரிக்கவில்லை. நான் ஹெட்கிளார்க்கிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் உண்மை. "கதை எழுதுறவனெல்லாம் கவலைப்பட ஆரம்பிச்சா சர்க்கார் நடக்குமா? நாலு மணி பஸ்ஸுல மெட்ராஸ் போவணும்யா இது" என்றார். திரும்பி வந்து உங்களிடம் "பார்த்துக்கலாம்" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தீர்கள். டைப்ரைட்டர் மறுபடி ஓடியது.

மிஷினைச் சுற்றியது நான்தான். மூன்று மணிக்கு அறுபது பிரதியும் வந்துவிட்டன. அடுக்கும்போதுதான் பார்த்தேன். நான்காவது பத்தியில் ஊர்ப்பெயர் இருந்தது, கிணறு இருந்தது, உறுதிமொழி இருந்தது. பதில் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அறுபதிலும். ஸ்டென்சிலை உருவிப் பார்த்தேன். அந்த ஒரு வரி முழுக்க, ஓர் எழுத்து மிச்சமில்லாமல், சிவப்புப் பூச்சு.

"அந்த வரி விழலியா சார்?" என்றீர்கள், நான் வாயைத் திறக்குமுன்பே. உங்கள் ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது.

புது ஸ்டென்சில் அடிக்க நேரமில்லை. ஹெட்கிளார்க் பிரதியைத் தூக்கிப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் முத்து முத்தா கையெழுத்தாச்சே. எழுதிடுய்யா" என்றார்.

எழுதினேன் டைப்பிஸ்டம்மா. அறுபது தடவை. சுவர் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. சுவர் கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். கை வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். நாற்பதாவது பிரதியிலோ என்னவோ பேனாவில் மை தீர்ந்தது. இதோடு விட்டது என்று நான் நினைத்த அந்த நொடியில் நீங்கள் எழுந்துவந்து உங்கள் மைப்புட்டியை என் மேஜையில் வைத்தீர்கள்.

"எழுதுங்க சார்," என்றீர்கள். "எழுத்து அழகா இருக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

கட்டு நாலு மணி பஸ்ஸில் போனது. குழு திருப்தியடைந்தது. கோப்பு மூடப்பட்டது. உங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டென்சில் சரியில்லை என்று ஹெட்கிளார்க்கே சொல்லி முடித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், அதுதான் கஷ்டம்.

அதற்குப் பிறகு நீங்கள் தினமும் தாமதமாக வர ஆரம்பித்தீர்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். புடவை ஓரம் நனைந்திருக்கும். மூன்று நாள் தாமதத்துக்கு ஒரு நாள் லீவு வெட்டு. நீங்கள் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். பத்திரிகையில் 'லேட்டம்மா' என்று ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். அதில் வரும் டைப்பிஸ்ட், ஆபீசுக்கு நீந்தியே வருவாள். ஊரே சிரித்தது. நீங்கள் அந்த இதழைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "அது நான்தானே சார்?" என்று கேட்டீர்கள். அசடு வழிந்தேன். "நல்லா இருக்குது. ஆனா நீச்சல்லாம் இல்ல சார். அம்மாவக் கிணத்தாண்ட உடறதில்ல, காலையில நானே மொண்டு வச்சிட்டு வரேன். சேறு, மெதுவாத்தான் போவ முடியுது" என்றீர்கள். மழை இருக்கிறதா என்று கேட்டால் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

பத்து வருஷம். வழவழப்பாக இருந்த அந்த விரல்களில் கயிறு காய்ப்பு ஏற்றியதை நான் தினம் பார்த்தேன். என் வரைவுகளில் அப்புறம் ஒரு பிழைகூட விடவில்லை நீங்கள். அந்தப் புட்டியைத் திறக்கவே இல்லை. மூடி ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தத் தை மாதம் நீங்கள் போய்விட்டதாகச் சேதி வந்தது. "எப்படி?" என்றுதான் முதலில் கேட்டேன். காய்ச்சல் என்றார்கள். சொல்லவே கூசுகிறது, முதலில் வந்தது துக்கமில்லை, நிம்மதி. கிணற்றால் இல்லை.

இன்றைக்கும் புதுப் பேனா வாங்கினால் கடைக்காரர் எழுதிப் பார்க்கச் சொல்லித் தாளை நீட்டுவார். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவார்கள், பெயர் எழுதுவார்கள். என் கை எதை எழுதப்போகிறது என்று எனக்குத் தெரியும். "வேணாங்க, கட்டிக் குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நம் ஆபீஸிலிருந்து உங்கள் காலனிக்குச் சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். நான் அந்தக் கிணற்றை இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.