அம்மாவின் ஆங்கில வகுப்பு

புக்கிட் பெலண்டோக்

அன்பு மகளுக்கு,

நீலாயில் பொருளாதாரம் படிக்கப் போனதிலிருந்து என்னையும் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளச் சொல்லி நச்சரித்தாயே, இப்போது தோட்டத்தை வாங்கிய கம்பெனியே நம் லயத்து வீட்டு வரிசையிலேயே இலவச வகுப்பு நடத்துகிறது.

‘ரீலொகேஷன்’, ‘கன்சென்ட்’, ‘வாலண்டரி’ என்று எல்லாம் பெரிய வார்த்தைகள். ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்து வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

“நாமளா வீட்ட காலி பண்றோம்னு சொல்ல வைக்கிறாங்க லா, நான் மாட்டேன்” என்று பக்கத்து வீட்டு நெல்சன் மாமா எழுந்து போனார். மறுநாள் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

நேற்று என் முறை. தடுமாறாமல் சொன்னேன். வாத்தியார் கைதட்டினார்.

நம் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, கவலைப்படாதே.

இந்த வாரமே வந்துவிடு. பெரிய பைகளாக எடுத்து வா.

உன் அம்மா