புதன்கிழமை எடுக்க வேண்டிய மருந்து

9-1-1965, சனி
பொங்கல் நெருங்குவதால் தபாலாபீசில் மணியார்டர் வரிசை வாசல் வரை நின்றது. வீட்டுக்கு வந்தால், புஷ்பவள்ளி கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். மேல்வரிசை முன்பல். இடப்பக்கம் இரண்டு பல்லை இங்கேயே கீழ வீதியில் ஒருவரிடம் பிடுங்கியாகிவிட்டது. வயது இருபத்து நான்குதான். "இதயும் புடுங்கிக்கன்னு சொல்லாதீங்க" என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

23-1-1965, சனி
கடலூர் போய் வந்தோம். மஞ்சக்குப்பத்தில் டாக்டர் ரஃபியுதீன் என்பவர் பல்லைப் பிடுங்காமலே சரி செய்கிறார் என்று எங்கள் தபால்காரர் சுப்பராயலு சொல்லியிருந்தார். நடுவயது, மெல்லிய குரல். காலால் மிதிக்கிற மெஷினை வைத்துக் குடைந்தார். புஷ்பவள்ளி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாளே தவிர, சத்தம் போடவில்லை.

"புடுங்குறது ரெண்டு நிமிஷ வேலைம்மா. அப்புறம் அந்த எடத்துல உங்க பல்லு மொளைக்காது. உள்ள நரம்புதான் கெட்டுருக்கு, வேர் நல்லா இருக்கு. நரம்ப மட்டும் எடுத்துட்டு அடைச்சிட்டா பல்லு நிக்கும்" என்றார்.

நரம்பைச் சாகடிக்கக் குழிக்குள் பஞ்சில் ஒரு துளி மருந்து, மேலே வெள்ளைப் பூச்சு. "பாஷாணம் கலந்தது. செவ்வாய்க்கிழமை லீவு, புதன்கிழமை வந்துடணும். அதுக்கு மேல தங்கிக் கசிஞ்சா ஈறையும் எலும்பையும் தின்னுடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

27-1-1965, புதன்
என்ன செய்துவிட்டேன்!

காலையிலேயே கிளம்பிவிடலாம் என்று அவள் சொன்னாள். ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் லீவு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மூன்று மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். இந்தியை எதிர்த்துப் பையன்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். யுனிவர்சிடி பக்கம் போலீஸ் சுட்டுவிட்டது. ஒரு மாணவன் செத்துப்போனான். யார் பெற்ற பிள்ளையோ. ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஊரில் ஒரு பஸ் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

28-1-1965, வியாழன்
ஆபீஸ் போனில் டிரங்க் கால் போட்டுப் பார்த்தேன். டாக்டர் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடையில் போன் உண்டு. ஆறு முறை. கடலூர் லைனே கிடைக்கவில்லை. தினமும் ஊருக்கெல்லாம் கால் போட்டுக் கொடுக்கிற ஆள் நான்.

ஈறு காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது.

29-1-1965, வெள்ளி
இங்குள்ள ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஜுரத்துக்கும் வயிற்று வலிக்கும் பார்க்கிறவர். டார்ச் அடித்துப் பார்த்தார். "அந்த மருந்து விஷயம் எனக்குத் தெரியாது சார், நான் தொட மாட்டேன். வேணும்னா பல்ல எடுத்துடலாம்" என்றார். எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பயம். எலும்பைத் தின்னும் என்று கடலூர் டாக்டர் சொன்னாரே!

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். வீதியில் பின்னாலேயே ஓடினேன்.

"பல்லு யாருது? நீங்க எப்படி எடுங்கன்னு சொல்லலாம்?"

 ஸ்டேஷனில் வண்டி ஏதாவது உண்டா பார்த்து வருகிறேன் என்று போனேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடலூர் வழியில் புவனகிரி வரைக்கும் ஒரு நெல் லாரி போகிறதென்றார்கள். போய்ப் பார்த்தால் டிரைவர் இல்லை. இப்படியே இரண்டு மணி நேரம் சுற்றினேன்.

திரும்பி வந்தபோது அவள் முற்றத்து வெயிலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொதிக்க வைத்த தண்ணீர், அதில் கொண்டை ஊசி. ஒரு தாளில் வெள்ளைத் துணுக்குகள், கறுத்த பஞ்சு. வாயெல்லாம் ரத்தம்.

"எடுத்துட்டேன்" என்றாள். "பஞ்சு முழுசா வந்துருச்சி. பாருங்க."

பார்த்தேன். வேறென்ன செய்தேன் நான்?

1-2-1965, திங்கள்
பஸ் ஓடியது. போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா எடுத்தது?" "நான்தாங்க." மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு, "மருந்து இன்னும் ரெண்டு நாள் உள்ள இருந்திருந்தா பக்கத்துப் பல்லும் போயிருக்கும்" என்றார். செத்துப்போன ஈறை வெட்டி எடுத்தார். கூடவே அரிசி அளவு எலும்புச் சில்லு ஒன்றும் வந்தது. நரம்பையும் எடுத்துவிட்டு, கிராம்பு எண்ணெய்ப் பஞ்சு வைத்தார்.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவரோ, "இப்படிக் கலவரம் வரும்னு யோசிக்காம வச்சது என் தப்பு" என்றார். திட்டியிருக்கலாம்.

12-2-1965, வெள்ளி
மறுபடியும் கலவரம், பஸ் இல்லை; வேரை அடைக்கக் கடலூர் போக முடியவில்லை. இந்த முறை அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

6-3-1965, சனி
வேரை அடைத்து முடித்தார். பல் நிற்கும். ஈறு இறங்கியது இறங்கியதுதான், இனி வளராது. பல் நீளமாகத் தெரிகிறது, நிறமும் கொஞ்சம் மங்கல். டாக்டர் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாள். "அழகா இல்ல" என்றாள். சிறிது கழித்து, "இருந்துட்டுப் போவுது" என்றாள்.

கீழே கடைவாயில் சின்னக் குழி ஒன்று இருக்கிறதாம். இப்போதே அடைத்தால் நரம்பு வரை போகாது என்றார். பங்குனி போகட்டும் என்றேன்.

2-5-1965, ஞாயிறு
கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டாள். என் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றேன். சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொல்கிறவள் இல்லை அவள்.

15-6-1965, செவ்வாய்
காலைத் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கவரில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிய விலாசம்: டாக்டர் ரஃபியுதீன் அவர்கள், மஞ்சக்குப்பம், கடலூர். இடது மூலையில், கொஞ்சம் சின்னதாக, அவள் பெயர். என் பெயர் இல்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடைவாய்ப் பல்லுக்கு என்ன தேதி கேட்டிருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். தூக்கிப் பிடிக்கவில்லை. சுப்பராயலு பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். முத்திரை குத்தினேன். சரியாக விழவில்லை, இன்னொரு தடவை குத்திக் கடலூர்ப் பையில் போட்டேன்.