மழை நாளில் அளந்த பிள்ளை

என் அப்பாவுக்கு,

உங்கள் சைக்கிளை இன்னும் துடைத்து வைக்கும் கயல் எழுதுகிறேன்.

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. வீட்டில் ஏதோ மாறிக்கொண்டு வருகிறது அப்பா. யாரும் அழவில்லை, யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பியைப் பற்றித்தான். இனியன் மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டான். நீங்கள் இடி விழுந்து எங்களை விட்டுப் போன அந்த ஐப்பசியிலிருந்து அவன் பேச்சு குறைந்துவிட்டது. வானம் உறுமினால் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பான். உறுமல் நிற்கும் வரை அவனிடம் எது கேட்டாலும் பதில் வராது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துபோனோம்.

தையில் எங்கள் பள்ளிக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து எல்லா வகுப்புக்கும் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். எனக்கு நிறைய வந்தது. பள்ளி வாசலில் என் படத்தோடு ஃபிளக்ஸ் கட்டினார்கள். இனியனுக்குக் குறைவாக வந்தது. அவனை மட்டும் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் முறைப்படி சோதித்துச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள்.

பங்குனி கடைசியில் அம்மாவும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். கீழ்வேளூரில் பஸ் ஏறும்போது வெயில். தஞ்சாவூர் போய் இறங்கும்போது வானம் கறுத்துக் கிடந்தது. சோதனை செய்த அக்கா நல்லவர்தான். இனியனுக்கு மிட்டாய் கொடுத்தார், என்னையும் அறைக்குள் உட்காரவிட்டார். அவன் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு படத்தைக் காட்டினார். மேலே பாலம், கீழே ஆறு, ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

“இந்தப் படத்துல என்னடா தப்பு இருக்கு?”

இனியன் நன்றாகப் பார்த்தான். “ஒண்ணும் தப்பில்ல. ஸ்டம்பெல்லாம் கரெக்டா நட்டிருக்காங்க.”

“ஆத்துல யாராவது விளையாடுவாங்களா?”

“நாங்க விளையாடுறோமே.”

அந்த அக்கா சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார். மேட்டூர் அணை திறக்கும் வரைக்கும் காய்ந்து கிடக்கும் வெட்டாற்று மணல்தானே அப்பா இவன்களுக்கு மைதானம். அதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். நடுவில் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் முதல் இடி.

அதற்குப் பிறகு அவன் கண் ஜன்னலை விட்டு வரவில்லை. அவர் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொன்னார். இனியன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மௌனத்துக்கும் தாளில் ஒரு கோடு விழுந்தது. “இன்னைக்குப் பையன் கொஞ்சம் டல்லா இருக்காம்மா” என்று அவரே அம்மாவிடம் சொன்னார். சொன்னார், ஆனால் அதைச் சான்றிதழில் எழுதவில்லை. சான்றிதழில் ஓர் எண் மட்டும் இருந்தது.

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். ஊரில் அது போதுமான அளவு புழங்குகிறது.

அந்த எண் வந்த பிறகு இனியன் மாறவில்லை அப்பா. நாங்கள் மாறினோம். அம்மா அவனிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாகப் பேச ஆரம்பித்தார், காது கேட்காதவனிடம் பேசுவதைப் போல. அவனைக் கடைக்கு அனுப்புவதில்லை. வகுப்பில் அவனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றி, மற்றவர்கள் கணக்குப் போடும்போது கிரேயான் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒருநாள் பெரியப்பா உங்கள் சைக்கிளை எடுத்தார். “பெரியப்பா, பின் டயர்ல காத்து இல்ல” என்றான் இனியன். “சரிடா கண்ணு, சரிடா” என்று அவன் தலையைத் தடவிவிட்டு ஏறி மிதித்தார். தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு படுக்கும்போதுதான் நினைத்தேன். டயரில் காற்று இல்லாததை இவன் சொல்லி யாரும் காதில் வாங்கவில்லை. நாளைக்கு வேறு எதையாவது சொன்னால்?

என் பக்கமும் மாறிவிட்டது. பாத்திரம் கழுவ விடுவதில்லை. “கலெக்டர் படிக்கட்டும்” என்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிப் பார்த்தேன். மேட்டூரில் காலையில் தண்ணீர் திறந்தால் அன்று சாயங்காலமே நம் வாய்க்காலுக்கு வந்துவிடும் என்றேன். கடைமடையில் பிறந்து, இத்தனை வருஷமாகத் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்த பெரியப்பா, சோற்றைப் பிசைந்த கையோடு என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்படியா? கயல் சொன்னா ஏதாவது விஷயம் இருக்கும்” என்றார்.

தன் கண்ணால் பார்த்ததை விட என் எண்ணை அவர் நம்பிவிட்டாரே. ஓர் எண்ணால் தம்பியின் சரியும் தப்பாகிறது, என் தப்பும் சரியாகிறது என்றால், அது யாருடைய அறிவை அளந்தது?

நூலகத்தில் தேடிப் படித்தேன். முதன்முதலில் இப்படிப்பட்ட சோதனையை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்கு அதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தானாம். பிறகு வந்தவர்கள் அதையே பிள்ளைகளைத் தள்ளி வைக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அது நம் வீட்டில் எந்த வேலைக்குப் பயன்படப் போகிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆனியில் பள்ளி திறக்கும்போது அவனைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு மாவட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு ஹாஸ்டல் பள்ளி இருக்கிறதாம். நல்ல பள்ளியாகவே இருக்கலாம், தேவைப்படும் பிள்ளைகளுக்கு. வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மா சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். “அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு நமக்கப்புறம் யார் பாக்குறது?” என்று பெரியப்பா மெதுவாகச் சொல்ல, அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா, உங்களுக்கு ஒரு செய்தி தெரியாது. நீங்கள் விழுந்த பிறகு நடந்தது அது.

அன்று காலை கொள்முதல் நிலையத்தில் நம் குறுவை நெல்லை ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போட்டுவிட்டு, ஈரம் ஜாஸ்தி, எடுக்க முடியாது என்றார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. “நேத்து மழைல நனைஞ்சதுங்க. மெஷின் என்ன பண்ணும்? காய வெச்சுட்டு வர்றேன், மறுபடி பாருங்க” என்றீர்கள். தார்ச்சாலையில் கொட்டி, காலால் தள்ளித் தள்ளி நாள் முழுக்கக் கிளறினீர்கள். சாயங்காலம் திரும்பவும் கறுத்தபோது, செருப்பைக் கழற்றி இனியன் கையில் கொடுத்துக் கொட்டகையில் நிற்கச் சொல்லிவிட்டு, குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட ஓடினீர்கள். இது வரை உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பத்தாம் நாள் காரியம் முடிந்து வெயில் வந்ததும் பெரியப்பா அதே நெல்லைக் காய வைத்துக் கொண்டுபோனார். அதே மெஷின்தான். எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று அம்மாவிடம் அதைச் சொன்னேன். “அன்னைக்கு மெஷின் சொன்னதே முடிவுன்னு அப்பா நெல்லை வாய்க்கால்ல கொட்டிட்டாராம்மா? காய வெச்சு மறுபடி அளக்கச் சொன்னாருல்ல? இவனை மழைல நிக்க வெச்சு அளந்திருக்காங்கம்மா.”

அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த சம்மதத் தாளைப் பார்த்தார். “ரெண்டாவது தடவையும் அப்படியே வந்துச்சுன்னா என்னடி பண்றது?” என்றார்.

“அப்படி வந்தா, அதுக்கு என்ன உதவி வேணுமோ அதைக் கேப்போம். அவனை அனுப்ப வேணாம்.”

அம்மா தஞ்சாவூருக்குப் போன் செய்து மறுபடி சோதிக்கக் கேட்டார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாள் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இன்று காலை அவனை உட்கார வைத்துப் பழக்கலாம் என்று நினைத்தேன். பள்ளிப் பையன்கள் கொஞ்ச நாளாக அவனை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியும். பிள்ளைகள் விளையாட்டு, தானாகப் போய்விடும் என்று விட்டிருந்தோம். வியாழக்கிழமை முதலில் கேட்கப்போகும் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

“தம்பி, உன் பேர் என்ன?”

இனியன் என்னை நேராகப் பார்த்தான். வெளியே வெயில் அடித்தது, இடி எதுவும் இல்லை. தயங்காமல், தெளிவாக, அவன் அந்த எண்ணைச் சொன்னான்.

அந்தப் பையன்களைப் போல நானும் சிரிப்பேன் என்று அவன் காத்திருந்தான் அப்பா.

காய்ந்த நெல்லை மறுபடி அளந்தபோது அது பழைய நெல்லாகவே இருந்தது. பிள்ளையும் அப்படியே இருப்பானா? அளந்ததற்கும் மறுபடி அளப்பதற்கும் நடுவில், அளவுக்குத் தகுந்தபடி அவன் மாறிப்போயிருந்தால் யார் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு நான் படித்த புத்தகத்தில் பதில் இல்லை. கிழக்கே கடல் பக்கம் இன்று மதியத்திலிருந்து மேகம் சேர்கிறது. வியாழக்கிழமைக்குள் கலையுமா தெரியவில்லை.

கலையாவிட்டால், இடி கேட்ட அந்த நிமிஷமே அவன் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்துவிடுவேன். இன்னொரு நாள் போவோம், அதற்கடுத்த நாள் போவோம். அந்தத் தாளில் அம்மாவின் கையெழுத்து விழ விடமாட்டேன். அதுவரை தினமும் காலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் திரும்பும் வரை கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
இனியனின் அக்கா,
உங்கள் மகள் கயல்.