ஏழு மணி வண்டி

ஜனவரி 8, புதன்

குரங்கணி பஸ்சில் இன்றும் அந்த ஆள். இது மூன்றாவது வாரம். மலை பார்க்க வருகிறவன் ஜீப்பில் வருவான், இல்லையென்றால் சொந்தக் காரில் வருவான். இவன் டவுன் பஸ்சில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறான். முதுகில் பை, கையில் நோட்டு. இறங்கியதும் பஸ்சைப் படம் எடுக்கிறான். பஸ்சை எவனாவது படம் எடுப்பானா?

நான் போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். பிளந்தது, பூச்சி விழுந்தது எல்லாம் தனியே எடுத்துப் போட வேண்டும். குவியலில் ஒன்று வேறு மாதிரி கிடந்தால் கண் தானாக அங்கே போய்விடும்.

ஜனவரி 11, சனி

குரங்கணியில் இருக்கிற எங்கள் காப்பித் தோட்டத்துக்கே வந்துவிட்டான். புதனும் சனியும் நான் மேலே வருவதை எவனோ சொல்லியிருக்க வேண்டும். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று, இந்தப் பாதையில் போகலாமா அக்கா என்று கேட்டான். பேர் ராம்பிரசாத், மதுரையாம். பஸ்சில் போய் இறங்கி நடக்கக்கூடிய மலைப்பாதைகளை எழுதிச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறானாம். கார் இல்லாதவர்களும் மலையைப் பார்க்க வேண்டாமா என்கிறான். மலையேறப் போனவர்கள் கருகிச் செத்த அந்தக் காட்டுத்தீக்குப் பிறகு மேல்காட்டுக்குப் போக அனுமதி வாங்க வேண்டும், அதனால் கீழ்ப்பாதைகள் மட்டும்தானாம். எல்லாம் சரியாகத்தான் பேசுகிறான். இவ்வளவு சரியாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

சரி, போ என்று விட்டுவிட்டேன். போன பிறகு மனசு அடித்துக்கொண்டது. எங்கள் தோட்டத்துப் பாதை எதற்கு இவன் புத்தகத்தில் ஏற வேண்டும்?

இருப்பது ரெண்டு ஏக்கர். நடுவே ஒத்தையடிப் பாதை. கேட்டு வருகிறவர்களை என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே விடுகிறோம், அவ்வளவுதான். மேலே எஸ்டேட் வைத்திருக்கிற முத்துக்கிருஷ்ணன் நாலு வருஷமாக அதில் ஜீப் விடப் பார்க்கிறார். பொதுப்பாதை என்று எந்தக் காகிதத்திலாவது ஏறிவிட்டால் போதும், தோட்டத்தை ரெண்டாகக் கிழித்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

ஜனவரி 12

சுருளி போன் செய்தான். என் கொழுந்தன், குரங்கணியிலேயே குடியிருக்கிறான். நான் இல்லாத நாளில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நான் நினைத்ததையே அவனும் சொன்னான். "அந்த நோட்டுக்காரன் முத்துக்கிருஷ்ணன் ஆளு மதினி. சாக்கிரதையா இருங்க."

நல்லவேளை, எனக்கென்று அவன் ஒருத்தனாவது இருக்கிறான்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் வித்யா வந்திருக்கிறாள். ராம்பிரசாத் கதையைச் சொன்னேன். சிரிக்கிறாள். "ஒனக்கு எல்லாருமே பிளந்த காய்தான்மா." சிரிக்கட்டும். பட்டா என் பேரில்தானே இருக்கிறது.

ஜனவரி 18, சனி

பாதை ஓரத்துக் கல் மூன்று, ரெண்டு சாண் தள்ளிக் கிடக்கிறது. காட்டுப்பன்னி வேலை என்றான் சுருளி. பன்னி கல்லை வரிசையாகவா தள்ளும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த மதுரைக்காரன் டேப் வைத்து அளந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். இதை முன்னமே சொல்வதற்கென்ன?

டீக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வந்து, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லிலும் ஒரு பொட்டு வைத்தேன், கல்லும் மண்ணும் சேருகிற இடமாகப் பார்த்து. இனி நகர்ந்தால் தெரிந்துபோகும்.

ஜனவரி 22, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன்.

மதியம் அவன் தோட்டம் வழியாக மேலே ஏறும்போது, போடிக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஏழு மணிக்கு ஒரு வண்டி இருக்கு என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.

பொய் இல்லை. ஏழு மணிக்கு வண்டி இருக்கத்தான் செய்கிறது. அது ஹால்ட் வண்டி. ராத்திரி குரங்கணியிலேயே கிடந்து, காலை ஐந்தரைக்குத்தான் போடிக்குத் திரும்பும். இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். திரும்புவதற்குக் கடைசி வண்டி நாலரை. அவன் ஹால்ட்டா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நாள் குளிரில் கிடந்தால் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான்.

நாலரை வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். முந்தி நான் இப்படி இருந்ததில்லை.

ஜனவரி 25, சனி

கண்டக்டர் அமாவாசை அண்ணன் தானாகவே சொன்னார். புதன்கிழமை அந்தத் தம்பி ஏழு மணிக்கு வண்டியில் ஏறிப் போடிக்கு டிக்கெட் கேட்டதாம். ஹால்ட் என்றதும் முகம் விழுந்துபோச்சாம். இவரும் டிரைவரும் ஆளுக்கு ரெண்டு புரோட்டா கொடுத்து பஸ்சுக்குள்ளேயே படுக்க வைத்திருக்கிறார்கள். "காலையில வண்டி எடுக்கயில பாத்தா ஆளக் காணோம். எந்தக் கூறு கெட்டவனோ தப்பா டைம் சொல்லியிருக்கான்."

இலவச டிக்கெட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு வெளியே பார்த்தேன். போகும்போதே உடம்பு கொதித்தது, தோட்டத்துக்கு ஏறாமல் அதே வண்டியில் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தின் வழியாக ஜீப் போகிற அகலத்துக்கு ரொம்பக் காலமாகப் பாதை இருக்கிறது, அதைப் பொதுப்பாதையாக்க வேண்டும் என்று முத்துக்கிருஷ்ணன் மனு. பன்னிரண்டாம் தேதி வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் வருகிறார்கள்.

அந்தக் காய்ச்சலால் அடுத்த ரெண்டு நடையும் மேலே போகவில்லை. இன்று ஓடினேன். பாதை ஆறடிக்கு விரிந்து கிடக்கிறது. சுண்ணாம்புப் பொட்டு வைத்த கல் ஒன்றுகூட இடத்தில் இல்லை. பதினொரு காப்பிச் செடி போச்சு. படுபாவி, வயிறு எரியுதே. எல்லாம் அந்த நோட்டுக்காரன் பண்ண வேலை. சுருளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். தனக்குக் காய்ச்சல், இந்தப் பக்கமே வரவில்லை என்கிறான். அவனுக்குமா?

பிப்ரவரி 6

போடி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன். பஸ் நேரம் எழுதியிருக்கும் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். யார் சொல்லி என் தோட்டத்தை அளந்தாய் என்று எல்லாரும் பார்க்கக் கேட்டேன். அளக்கவே இல்லையே அக்கா என்றான். பாதையை யார் அகலமாக்கியது என்றேன். அவன் முழித்துவிட்டு போனை எடுத்துக் காட்டினான்.

ஜனவரி 23, காலை 6.20. என் பாதைதான். மூன்று பேர் கடப்பாரையால் கல்லை நெம்புகிறார்கள். எங்கே போட வேண்டும் என்று நாலாவது ஆள் கை காட்டுகிறான். பச்சை ஸ்வெட்டர். என் வீட்டுக்காரருடையது. அவர் போன பிறகு, குளிருக்கு ஆகும் என்று நான்தான் சுருளிக்கு எடுத்துக் கொடுத்தேன்.

"ஒங்க ஆளுகதான் பாதைய சரி பண்றாங்கன்னு நெனச்சேன்க்கா. ஒங்க கொழுந்தனாருதான் டீ குடுத்தாரு."

அப்போதும் நான் விடவில்லை. படத்தில் ஏதோ தில்லுமுல்லு என்றேன். மேலே போகிற முதல் வண்டியே ஏழரைக்குத்தான் குரங்கணி போய்ச் சேரும், ஆறு இருபதுக்கு நீ எப்படி அங்கே இருந்தாய் என்று கத்தினேன். அவன் போனைப் பைக்குள் வைத்தான்.

"நீங்க சொன்ன ஏழு மணி வண்டியிலதான்க்கா."

பிப்ரவரி 7

சுருளி நாலு தடவை அடித்தான். எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கூப்பிட வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன். ராம்பிரசாத் மதுரையிலிருந்து லீவு போட்டு வந்தார். இனி அவர் என்றே எழுதுகிறேன்.

சர்வேயர் படங்களைப் பார்த்தார். டிசம்பரில் எடுத்ததும் இருந்தது, ஓர் ஆள் மட்டும் போகிற பாதையாக. முத்துக்கிருஷ்ணன் லேசுப்பட்டவரா? பஸ்சில் வருகிற வெளியூர்க்காரனுக்கு விடியக்காலை அங்கே என்ன சோலி, படமே பொய் என்றார். வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். ராம்பிரசாத்தும் பார்த்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நாந்தேன் சார் வண்டி இருக்குன்னு சொன்னேன். ஹால்ட்டுன்னு தெரிஞ்சே மறச்சுட்டேன். இவரு இந்த எஸ்டேட்காரரு ஆளுன்னு சந்தேகப்பட்டேன்."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சுருளி இலவ மரத்தடியில் நின்றான். ஸ்வெட்டர் போட்டிருக்கவில்லை.

இருந்தது ஒத்தையடிப் பாதைதான் என்று அறிக்கை போகும் என்றார் சர்வேயர். கீழே இறங்கும்போது ராம்பிரசாத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார். இருபது வருஷமாக அந்த பஸ்சில் போகிறவர்களுக்கா ஹால்ட் தெரியாது என்று, என் பேரைச் சொல்லாமல், அமாவாசை அண்ணனிடம் கேட்டாராம். தெரிந்துமா என்னை அக்கா என்று கூப்பிட்டார்?

மார்ச் 1, சனி

அமாவாசை அண்ணன் புத்தகத்தைக் கொடுத்தார். கைக்கடக்கமாக இருக்கிறது. குரங்கணிக்கு ஒரு பக்கம்.

'மாலை ஏழு மணிக்கு வருவது ஹால்ட் வண்டி, போடிக்குத் திரும்பாது. நாலரை வண்டியைத் தவறவிடாதீர்கள். பாதையின் தொடக்கம் தனியார் தோட்டம். ஒத்தையடி. கேட்டுவிட்டுப் போகவும். தகவல்: பொன்னுமணி அக்கா.'

என் பேரை மூன்று தடவை படித்தேன். குத்திக்காட்டுகிறாரா, மரியாதைதானா? இன்னும் பிடிபடவில்லை.

மதியம் ரெண்டு பெண்பிள்ளைகள் அந்தப் புத்தகத்தோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். எந்த ஊர், யார் அனுப்பியது என்று எல்லாம் கேட்டேன். டேப் ஏதும் இருக்கிறதா என்று பையையும் ஒரு பார்வை பார்த்தேன். நாலரை வண்டி, மறந்துடாதீங்க என்று சொல்லித்தான் விட்டேன்.

நாலரைக்கு அவர்களைக் காணோம். அமாவாசை அண்ணன் விசிலை வாயில் வைத்துவிட்டார். நான் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, ரெண்டு பிள்ளைகள் வர வேண்டும், எடுக்காதீர்கள் என்றேன். உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஏழு நிமிஷம் அப்படியே நின்றேன். ஓடி வந்து ஏறினார்கள்.