அழித்ததைக் காட்டுகிற ஸ்கேனர்

கரக், ஜோர்டான்.

தீமாவின் வாப்பாவுக்கு, சுகைனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இறைவனுக்கே புகழ். ஜெர்மனிக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் கேட்ட கார் ஸ்கேனர் பேச்சை எடுத்தாலே உங்கள் போனில் லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதி, அங்கே வருகிற என் தம்பி நிதாலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தீமா நன்றாகப் படிக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உங்கள் உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. என் மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. போன வாரம் ஆட்டுக்கறி போட்டு மன்சஃப் சமைத்து அனுப்பினேன். தட்டு தொடாமல் திரும்பி வந்தது.

இனி கார் விஷயம். உங்கள் தம்பி ராக்கான் என் தலையில் கட்டிய ஹைபிரிட் கார் என் வாப்பா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கோர் பள்ளத்தாக்கு இறக்கத்தில் போகும்போது, வளைவில் அப்படியே நின்றது. பின்னால் வந்த லாரி இடித்ததில் ரிஹாப் டீச்சருக்கு மணிக்கட்டு உடைந்தது. இப்போது ஒருவரும் என் வண்டியில் ஏறுவதில்லை. அவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுத்தான் நானும் நாலு காசு பார்த்தேன். ராக்கானோ கடைத்தெரு முழுக்க, "மதினிக்கு ஓட்டத் தெரியல, நான் என்ன பண்றது? நான் குடுக்கும்போது வண்டி தங்கமா இருந்துச்சு" என்று சொல்லித் திரிகிறான்.

விற்கும் முன் பரிசோதனை மையத்துக்கு அவனேதான் கூட்டிப்போனான். அடிச்சட்டமான சேஸிஸின் நாலு மூலையும் நல்லது என்று எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊரில் அதற்கு மேல் யார் கேட்கிறார்கள்? நானும் கேட்கவில்லை. பேட்டரி செத்துக்கொண்டிருந்ததைச் சொல்லும், வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த எரர் கோடுகளை அன்று காலையில்தான் அவன் பட்டறையில் அழித்திருக்கிறான். எப்படித் தெரியும் என்பீர்கள். விபத்து நடந்த மறுநாளே தன் ஸ்கேனரோடு வந்து, "சாவியக் குடுங்க மதினி, ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தர்றேன்" என்று நின்றான். மறுத்ததும், "அப்ப பேட்டரி வயரயாவது கழட்டி மாட்டுங்க, டேஷ்போர்டுல எரியுற விளக்கு தானா போயிடும்" என்றான். அந்த அவசரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சாவி இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இங்குள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் அவனோடு உட்கார்ந்து டீ குடிப்பவர்கள். "குடும்ப விஷயம் உம்மு தீமா, நாங்க கை வைக்க மாட்டோம்" என்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராக்கானுக்காகப் பெரியவர்கள் கூட்டமாக என் வாப்பா வீட்டுக்கு வருகிறார்கள். நான் அவன் மேல் கொடுத்த போலீஸ் புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். காபியை முன்னால் வைத்துக்கொண்டு, கேட்டது கிடைத்தால்தான் குடிப்போம் என்று உட்காருவார்கள். வாப்பாவின் மனசு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்: "கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணு காட்டும்மா, நான் 'குடிங்க'ன்னு சொல்லவே மாட்டேன்." காட்டத்தான் போகிறேன். ஸ்கேனரை வண்டியில் மாட்டி, பெரியவர்கள் அத்தனை பேரையும் எழுப்பிக் கூட்டிவந்து திரையைப் பார்க்க வைப்பேன். உள்ளே காபி ஆறிக் கிடக்கட்டும். அவன் முகம் போகிற போக்கை நான் நின்று பார்க்க வேண்டும். அதை நினைத்தால்தான் இப்போதெல்லாம் எனக்குத் தூக்கமே வருகிறது.

நீங்களோ, "குட்டி ஸ்கேனர் போதும், கோடு படிக்கும், அழிக்கும். உனக்கு எதுக்குப் பெருசு?" என்று சொல்லியிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் நீங்களே எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. கோடை அழித்த நேரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று வண்டியே எண்ணிக்கொண்டிருக்கும். அதையும், பேட்டரியின் ஒவ்வொரு அடுக்கையும் காட்டுவதுதான் ஸ்கேனர், மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றீர்கள். அந்தக் கிலோமீட்டரைப் பின்னோக்கி எண்ணினால் போதும், அது ராக்கானின் பட்டறை வாசலில் போய் நிற்கும். இத்தனை வருஷமாக அங்கே கார் பட்டறையில் வேலை பார்க்கும் நீங்கள் எனக்கு ஏன் விளையாட்டுச் சாமானைச் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவன் உங்களோடு பிறந்தவன்.

வண்டியின் சின்ன பேட்டரி இறங்கினால் அந்தக் கணக்கும் போய்விடுமோ என்று பயந்து, பக்கத்து வீட்டு சார்ஜரை வாங்கி மாட்டி வைத்திருக்கிறேன். நிதால் வெள்ளிக்கிழமைக்கு முன் திரும்பிவிடுவான். எதை அனுப்புவதென்றாலும் அவன் கையிலேயே கொடுங்கள்.

நீங்கள் அங்கே தனியாகக் கிடந்து துடிப்பீர்கள் என்று ஒன்றை மறைத்திருந்தேன். விபத்து நடந்த அன்று தீமாவுக்குக் காய்ச்சல். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவளையும் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். அவளுடைய முன்பல் தானாக விழவில்லை. அது பால்பல்லும் இல்லை.

ஸ்கேனர் பெட்டியை அவள்தான் பிரிப்பாளாம், வாப்பா அனுப்புவது என்று காத்திருக்கிறாள். சின்னதோ பெரியதோ, எந்தப் பெட்டியைக் கட்டினாலும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கட்டுங்கள். உங்கள் கைகளை இறைவன் காக்கட்டும்.

சுகைனா